கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை

குமாரபாளையத்து விசைத்தறிக் கூடங்களில் முப்பத்தைந்து வருடம் தறி ஓட்டியவர் என் அப்பா. அந்தக் கூடங்களுக்குள் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ள முடியாது. பாவு நூல் அறுந்துவிட்டதா, ஊடை தீர்ந்துவிட்டதா, டீ வந்துவிட்டதா, எல்லாமே உதட்டசைவிலும் விரலசைவிலும்தான் நடக்கும். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டுபோனால் வாசலில் நின்று எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. பக்கத்துத் தறிக்காரர் தோளைத் தொட்டுக் காட்டினால்தான் திரும்புவார். அரை மணி நேரம் அங்கே காத்திருந்துவிட்டுக் கிளம்பினால், வீடு வந்த பிறகும் என் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அவருடைய காதுக்குள் அது நிற்கவே இல்லை என்பது தெரிவதற்கு எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

அதற்கு முன் வீட்டில் அவர்மேல் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. “வேணுங்கிறது மட்டும் காதுல விழும்” என்பார் அம்மா. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நான் பேசினால் பதில் வரும். என் எட்டு வயது மகள் பேசினால் சிரித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார். சின்னக் குரலில் அவள் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தாத்தாவுக்குத் தன்மேல் பிரியமில்லை என்றே முடிவுகட்டிவிட்டாள். முதலில் “என்ன?” என்று திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தவர், நாளடைவில் கேட்பதை விட்டார். போன் அடித்தால் அம்மாவிடம் நீட்டினார். கல்யாண வீடுகளுக்குப் போவது குறைந்தது. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்காருவதும் நின்றது. வயதாகிறது, அமைதியாகிவிட்டார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் அவரே சொன்னார்: “காது கேக்குதுப்பா. என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்க மாட்டேங்குது.”

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் வாக்கியம் இது. கேட்கிறது என்று அவரே சொல்கிறாரே, அப்புறம் என்ன என்று நாம் கடந்துபோகிறோம். ஆனால் மருத்துவர்கள் எழுதும் எந்தக் குறிப்பையும்விடத் துல்லியமாக நோயைச் சொல்லும் வாக்கியம் இதுதான். முதுமையாலும் இரைச்சலாலும் வரும் செவித்திறன் இழப்பில் முதலில் போவது தெளிவு. சத்தம் போவது அதற்கு வெகுகாலம் பிறகு. இந்த வேறுபாடு புரியாததால்தான் நாம் பெரியவர்களைத் திட்டுகிறோம், பொருந்தாத கருவிகளை வாங்குகிறோம். அரசும் முகாம் போட்டுப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறது.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் எலும்புக் குழல் இருக்கிறது. பட்டாணி அளவுதான். அதற்குள் ஒலியை மின்துடிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. கண்ணுக்குள் ஒளியை வாங்கும் செல்கள் 10 கோடிக்கு மேல். காதுக்கு இயற்கை கொடுத்திருப்பது ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் மட்டும். செத்த செல் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. குழலின் வாசலருகே இருப்பவை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளையும், சுருளின் உள்முனையில் இருப்பவை கனத்த தாழ்ந்த ஒலிகளையும் வாங்குகின்றன. வயதாகும்போதும், வருடக்கணக்கான இரைச்சலிலும் முதலில் அழிவது வாசலருகே இருக்கும் செல்கள்.

இதைத் தமிழில் வைத்துப் பார்த்தால் அப்பாவின் வாக்கியம் விளங்கிவிடும். நம் பேச்சின் கனம் முழுக்க உயிரொலிகளில் இருக்கிறது. அவை தாழ்ந்த ஒலிகள். ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையை ச, ட, த, க, ப போன்ற மெய்கள் செய்கின்றன. அவற்றின் அடையாளம் உயர்ந்த ஒலிகளில், அதுவும் மெல்லிய சத்தத்தில் இருக்கிறது. அந்தப் பகுதி போய்விட்டவருக்குப் ‘படி’, ‘கடி’, ‘தடி’ மூன்றும் ஒன்றுதான். ‘காசு’, ‘காது’, ‘காடு’ மூன்றிலும் காதில் விழுவது ‘கா’ என்ற நெடிலும் கடைசி உகரமும். நடுவில் இருப்பதை அவர் ஊகிக்க வேண்டும். முகத்தைப் பார்த்து, பேச்சின் போக்கைப் பிடித்து, நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் அவர் களைத்துப் போவதும், கூட்டத்தைத் தவிர்ப்பதும் இதனால்தான். பெண்கள், குழந்தைகள் குரல் இயல்பிலேயே உயர்ந்தது என்பதால் பேத்தியின் பேச்சு அவருக்கு முதலில் தொலைந்தது. என் மகளுக்கு இதைப் படம் வரைந்து காட்டினேன். அன்றிலிருந்து அவள் தாத்தாவின் எதிரில் வந்து நின்று, முகம் பார்த்துத்தான் பேசுகிறாள்.

இன்னொரு சண்டைக்கும் இதில் பதில் உண்டு. மெதுவாகப் பேசினால் “என்ன?” என்பார்கள், குரலை உயர்த்தினால் “எதுக்குக் கத்துறே?” என்று கோபிப்பார்கள். இது வீம்பு இல்லை. சேதமான காதில் கேட்கத் தொடங்கும் எல்லை மேலே ஏறிவிடுகிறது. தாங்க முடியாத எல்லை இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள சந்து குறுகிப்போகிறது. மெல்லிய ஒலியை நிறையவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் கூட்டி, எல்லாவற்றையும் அந்தச் சந்துக்குள் அடக்கத் தெரிந்ததுதான் நல்ல செவித்துணைக் கருவி. எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் பெருக்குவது வெறும் ஒலிபெருக்கி. இணையக் கடைகளில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் ‘காது மெஷின்’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த ரகம். பஸ் ஹாரனையும் சேர்த்துப் பெருக்கி, மிச்சமிருக்கும் செல்களுக்கும் அவை உலை வைக்கக்கூடும்.

முதலில் ஒரு தாள்

கருவி பற்றிய பேச்சு எதுவும் ஆடியோகிராம் என்ற தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். சத்தம் அடைத்த அறையில் உட்கார வைத்து, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் ஒலியாகக் கொடுத்து, எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று குறிப்பார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்க இழப்பு அதிகம். ரத்தச் சர்க்கரைச் சீட்டைப் படிக்கத் தெரிந்த நம் வீடுகளுக்கு இந்தத் தாளைப் படிப்பது கடினமே இல்லை.

அப்பாவின் தாளில் 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல், 1,000-இல் 30, 2,000-இல் 50, 4,000-இல் 70. அதன் பிறகு 8,000-இல் கோடு சற்றே மேலேறி 60. 4,000-இல் விழும் இந்தப் பள்ளம் இரைச்சல் போட்ட கையெழுத்து. தறிக்கூடத்தின் முப்பத்தைந்து வருடமும் அந்த ஒரு பள்ளத்தில் இருந்தது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 94 டெசிபலில் அது ஒரு மணி நேரமாகச் சுருங்குகிறது. அப்பா அப்படிப்பட்ட சத்தத்தில் நின்றது 12 மணி நேர ஷிப்ட். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை.

கருவிக்கு அலைவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். சிலருக்கு அடைத்த குறும்பியை எடுத்தாலே காது திறந்துவிடும். நடுக்காதின் அங்கவடி எலும்பு இறுகிப்போனவர்களுக்கு அறுவை சிகிச்சை பலன் தரும். சீழ் வடியும் காதைச் சரிசெய்யாமல் அதில் கருவியைச் சொருகக் கூடாது. ஒரு காதில் மட்டும் இழப்பு, ஒரு பக்கம் மட்டும் விடாத இரைச்சல், கூடவே தலைசுற்றல் என்றால் காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். காசநோய்க்கும் கடுமையான தொற்றுகளுக்கும் போடப்படும் அமிகசின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஊசிகளும், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் காதைப் பாதிக்கக்கூடியவை. அவை ஏறும் காலத்தில் கேட்கும் திறன் குறைந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அல்லது இரண்டு மூன்று நாளுக்குள் வேகமாக மங்கினால், அதை மாரடைப்பு போல அவசரமாகப் பாருங்கள். ஸ்டீராய்டு மருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பு முதல் சில நாட்களில்தான் அதிகம், இரண்டு வாரம் கடந்தால் வெகுவாகக் குறைந்துவிடும். நம் ஊரில் இந்த நாட்கள் சளி அடைப்பு என்று சொல்லிக்கொண்டும், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டும் கழிந்துவிடுகின்றன. காதில் எண்ணெய் விட வேண்டாம். பட்ஸும் ஊக்கும் வேண்டாம்.

பீரோவுக்குள் போன கருவி

இப்போது நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். விளம்பரம் பார்த்து ஒரு கடைக்கு அப்பாவை அழைத்துப்போனேன். சோதனை பத்து நிமிடம். அதில் பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்று பார்க்கவே இல்லை. “வெளியே தெரியவே தெரியாதுங்க” என்று காதுக்குள் ஒளிந்துகொள்ளும் மிகச் சிறிய கருவியைக் காட்டினார்கள். 40 சதவீதத் தள்ளுபடி என்றார்கள். ஒரு காதுக்குப் போதும் என்றார்கள். 38,000 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தோம்.

இரண்டு வாரம் போட்டுப் பார்த்தார். “கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்புல இருக்குது” என்றார். போனைக் காதில் வைத்தால் கருவி விசில் அடித்தது. பட்டன் அளவு பேட்டரி அவருடைய தடித்த விரல்களில் நிற்காமல் கட்டிலுக்கடியில் உருண்டது. கருவி பீரோவுக்குள் போய் ஒன்பது மாதம் கிடந்தது. குடும்பமே அவரைத்தான் குறை சொன்னது: “அத்தனை பணம் போட்டு வாங்கிக் குடுத்தும் மாட்ட மாட்டேங்கிறார்.”

பிறகு ஓர் அரசு மருத்துவமனையில் செவித்திறன் வல்லுநரான ஆடியாலஜிஸ்ட் ஒருவர் தாளையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னது எங்களை வெட்கப்பட வைத்தது. அப்பாவுக்குத் தாழ்ந்த ஒலிகள் கிட்டத்தட்ட நன்றாகவே கேட்கின்றன. காதுத் துளையை முழுக்க அடைக்கும் கருவியை அப்படிப்பட்டவருக்கு வைத்தால், அவருடைய குரலே உள்ளே சிக்கி முழங்கும். கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல என்று அவர் சொன்னது குறையல்ல, சரியான அறிகுறி. அவருக்குத் தேவைப்பட்டது காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய கம்பியில் சிறு ஸ்பீக்கர் குமிழைத் துளைக்குள் நீட்டி, காற்றும் தாழ்ந்த ஒலியும் தாராளமாகப் போய்வர இடம்விடும் வகை. அதுவும் இரண்டு காதுக்கும். பேச்சு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பதும், இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பதும் இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான். இரண்டும் பழுதான ஒருவருக்கு ஒரு கருவி போதும் என்று சொல்வது, இரண்டு கண்ணும் மங்கியவருக்கு ஒற்றைக் கண்ணாடி கொடுப்பது மாதிரி.

இழப்பு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு இந்த மெல்லிய வகை போதாது. காதின் அச்செடுத்துச் செய்த மோல்டுடன் கூடிய, பின்காதில் மாட்டும் பெரிய கருவிதான் அவர்களுக்கு ஏற்றது. கருவியாலும் பேச்சு விளங்காத அளவு மோசமானால், உள்காதில் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட். எது யாருக்கு என்பதை ஆடியோகிராமும் விரலின் சாமர்த்தியமும் கண்பார்வையும் அன்றாட வாழ்க்கையும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். வெளியே தெரிகிறதா என்பது கடைசிக் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை மறைத்துக்கொண்டா போடுகிறோம்? காது கேளாதவரைச் சினிமாவில் எத்தனை தலைமுறையாகக் கோமாளியாக்கிச் சிரித்திருக்கிறோம் என்று யோசித்தால், பெரியவர்கள் கருவியை ஏன் ஒளிக்க விரும்புகிறார்கள் என்பது புரியும். அந்த வெட்கத்தை உண்டாக்கியவர்கள் நாம்.

விலை பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். ஒரு காதுக்குப் பதினைந்தாயிரத்திலிருந்து லட்சத்தைத் தாண்டியும் விற்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே வடிவக் கருவியில் சாதாரணம், நடுத்தரம், உயர்ரகம் என்று அடுக்குகள். ஒலியைப் பிரித்துக் கையாளும் சானல்களின் எண்ணிக்கை கூடக் கூட விலை ஏறும். அமெரிக்காவில் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தின் ராபின் காக்ஸ் குழு, லேசான, மிதமான இழப்பு உள்ள பெரியவர்களுக்கு அடிப்படைக் கருவியையும் உயர்ரகக் கருவியையும் மாற்றி மாற்றிப் போட்டு அன்றாட வாழ்க்கையில் சோதித்தது. இரண்டுமே நன்மை செய்தன. உயர்ரகம் கூடுதலாகப் பலன் தந்ததாகச் சொல்லும்படி வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டையும் கவனமாகப் பொருத்தியிருந்தார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கருவியின் அடுக்கு. மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பொருத்துபவரின் திறமையும் நேரமும்.

பொருத்துவது என்றால் காதில் மாட்டிவிட்டு “கேக்குதுங்களா?” என்று கேட்பதல்ல. கருவியைக் கணினியோடு இணைத்து, ஆடியோகிராமின் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அமைக்க வேண்டும். மெல்லிய குழாயைச் செவித்துளைக்குள் விட்டு, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளக்கும் முறை இருக்கிறது. ஒவ்வொருவரின் காதுத் துளையும் ஒவ்வோர் அளவு. கணினி ஊகிப்பதும் காதுக்குள் நடப்பதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. இந்த அளவீட்டைச் செய்வீர்களா என்று கேளுங்கள். தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் சோதனையைக் கருவி இல்லாமல் ஒரு முறை, கருவியோடு ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். வாங்கும் முன் சில நாட்கள் வீட்டில் போட்டுப் பார்க்கத் தருகிறார்களா என்று கேளுங்கள். பொருத்துபவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவர்தானா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. கழகத்துக்கான சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. ஐந்து ஆண்டுக்கு மாதம் ஒரு முறையாவது போய்வரக்கூடிய தூரத்தில் அவர் இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். சென்னையில் வாங்கிய விலையுயர்ந்த கருவியைவிட, ஈரோட்டில் வாங்கி ஈரோட்டிலேயே சரிபார்க்கும் சாதாரணக் கருவி எங்களுக்குப் பயன்பட்டிருக்கிறது.

இரண்டாம் முறை அப்பாவுக்கு வாங்கியது அடுக்கில் கீழிருந்து இரண்டாவது, இரவில் சார்ஜ் போட்டுக்கொள்ளும் வகை. பேட்டரி மாற்ற விரல் ஒத்துழைக்காதவர்களுக்கு இது பெரிய உதவி. (பட்டன் பேட்டரி வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அது காற்றால் இயங்குவது. ஸ்டிக்கரைப் பிரித்ததும் உடனே மூடாமல், சில நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும்.) நம் ஊர் வேர்வைக்குக் கருவியை ராத்திரியில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது அவசியம். குமிழில் குறும்பி அடைத்தாலே பாதிக் கருவிகள் ‘ரிப்பேர்’ ஆகிவிட்டதாகத் தோன்றும்.

முதல் நாள் அவர் மின்விசிறியைப் பார்த்தார். “இது இத்தனை சத்தமா போடும்?” பாலிதீன் பையின் சரசரப்பு, செருப்புச் சத்தம், பாத்திரம் உரசுவது எல்லாம் அவருக்கு எரிச்சலூட்டின. பத்துப் பதினைந்து வருடமாக அந்த ஒலிகளை மூளை மறந்துபோயிருந்தது. எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று அது மறுபடி பழக வேண்டும். முதலில் வீட்டுக்குள் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு, பிறகு வாசல், பிறகு டீக்கடை. ஆறு வாரத்தில் மூன்று முறை போய் அமைப்பை மாற்றிக்கொண்டு வந்தோம். பெரும்பாலான கருவிகள் பீரோவுக்குப் போவது இந்த முதல் மாதத்தில்தான். அந்த மாதத்தில் வீட்டார் பொறுமையாக இருந்தால் போதும்.

கருவி பழைய காதைத் திருப்பித் தந்துவிடாது. எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் மேளமும் ஸ்பீக்கரும் சேரும்போது அப்பாவுக்கு இன்றும் ஒன்றும் விளங்குவதில்லை. அங்கே அவர் அருகில் போய், நேருக்கு நேர் நின்று, முதலில் “அப்பா” என்று கூப்பிட்டுக் கவனத்தைத் திருப்பிவிட்டுச் சொல்ல வேண்டும். தூரம் பாதியானால் கிடைக்கும் ஒலி 6 டெசிபல் கூடும். எந்தக் கருவியாலும் இவ்வளவு சுத்தமாகக் கூட்ட முடியாது. கத்த வேண்டாம். கத்தும்போது உயிரொலிதான் பெருகும். மெய்கள் இன்னும் மங்கும். ஒரு சொல் விளங்காவிட்டால் அதையே திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைவிட அவரைத் தனிமைப்படுத்தும் சொல் இல்லை.

இந்தத் தனிமைக்கு உடல் தரும் விலையும் உண்டு. 2024-இல் லான்செட் ஆணையம் மறதிநோய்க்கு மாற்றத்தக்க காரணிகளாகப் பட்டியலிட்ட 14-இல் மிகப் பெரியவற்றுள் ஒன்று செவித்திறன் இழப்பு. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கருவியும் ஆலோசனையும் கொடுத்து மூன்று ஆண்டுகள் முதியவர்களைக் கவனித்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் இல்லை. ஆனால் மறதிநோய் வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகம் இருந்த பிரிவில், அறிவாற்றல் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டிருந்தது. கருவி போட்டால் மறதிநோய் வராது என்று விற்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். இழப்பை அசட்டை செய்வதும் ஆகாது.

அரசு செய்ய வேண்டியது

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்தியாவில் கணிசமான செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 6.3 கோடிப் பேர். கருவியால் பயனடையக்கூடியவர்களில் உலக அளவில் 17 சதவீதம் பேரே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறது அதே நிறுவனம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவரைக் ‘காது மந்தமானவர்’ என்று ஏற்கிறது. அப்பாவின் சராசரி 44-க்குச் சற்றுக் கீழே. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது மிதமான இழப்பு. கருவி தேவைப்படும் இழப்பு. நம் சட்டத்தின் பார்வையில் அவருக்குக் குறையே இல்லை. இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் கருவி வழங்கவும் அதே எல்லையை வைப்பது நியாயமில்லை. 35, 40 டெசிபலில் கருவி போடத் தொடங்குபவரின் மூளை எளிதில் பழகிக்கொள்ளும். 60 வரை காத்திருந்தவருக்கு அது கடினம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்காக 2017-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் செவித்துணைக் கருவியும் உண்டு. நம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்களும் இலவசமாகத் தருகின்றன. நல்ல திட்டங்கள்தான். ஆனால் முகாமில் கொடுத்த கருவியை ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை வெளியிட வேண்டும். வழங்கிய கருவிகளின் எண்ணிக்கை வெற்றிக்கு அளவாகாது.

ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் ஓர் ஒலி அடைத்த அறை, ஓர் ஆடியாலஜிஸ்ட். இது ஆடம்பரக் கோரிக்கை இல்லை. கண்ணுக்கு இதைச் செய்து காட்டிய மாநிலம் இது. கிராமத்துப் பெரியவரைப் பஸ்ஸில் ஏற்றிக் கண்புரை அறுவை செய்து, திரும்ப வீட்டில் விட்டு, மறுபடி போய்ச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் மதுரையிலிருந்து உலகத்துக்கே போயிருக்கிறது. காதுக்கு அப்படி ஒரு பழக்கம் இன்னும் உருவாகவில்லை. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் செவித்துணைக் கருவிக்குப் பணம் தருவதில்லை. கருவிக்கு ஜிஎஸ்டி விலக்கு கொடுத்த அரசு, காப்பீட்டு நிறுவனங்களிடமும் பேச முடியும்.

தொழிலாளர்களுக்கான கேள்வி இன்னும் பெரியது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க தொழில்நோயாக இடம்பெற்றது. ஆனால் அப்பா வேலை பார்த்த எட்டுத் தறிக் கூடம், ஆள் எண்ணிக்கையால் அந்தச் சட்டத்தின் வாசலுக்குள்ளேயே வரவில்லை. சோமனூர், பள்ளிபாளையம், குமாரபாளையம் வீதிகளில் இன்றும் அப்படிப்பட்ட கூடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நுரை ரப்பர் காதடைப்பான் ஒரு ஜோடி விலை ஒரு டீயின் விலைதான். வருடத்துக்கு ஒரு ஆடியோகிராம், கூடத்துக்கு ஒரு டப்பா காதடைப்பான் என்று நலவாரியம் தொடங்கினாலே 4,000 ஹெர்ட்ஸில் விழும் பள்ளத்தை முப்பது வயதிலேயே பார்த்துவிடலாம்.

குழந்தைகள் விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும் சொல்லி விடுகிறேன். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவி என்பது உலகம் ஏற்ற கணக்கு. சொந்தத்தில் மணமுடித்த பெற்றோர் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. ‘பையன் லேட்டாப் பேசுவான், அவங்கப்பாவும் அப்படித்தான்’ என்று காத்திருந்து அந்த வயதைத் தாண்டவிட வேண்டாம்.

உங்கள் வீட்டில் டிவி சத்தம் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால், பெரியவர் போனை அடுத்தவரிடம் நீட்டினால், பேத்தி கேட்டதற்கு வெறுமனே சிரித்தால், இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். ஆடியோகிராம் தாளைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். கருவிக் கடைக்குப் போவது அதற்கு அப்புறம்.